"இன்னொரு பதில் மனு": கோர்ட்டு ஏற்குமா?

கோர்ட்டு அமீனா உங்கள் வீட்டுக்கு வருகிறார். ஒரு சம்மனைக் கொடுக்கிறார். கையெழுத்து வாங்கிக் கொண்டு போய் விடுகிறார்.

சம்மனோடு பிராதின் நகலும் இருக்கிறது. யாரோ உங்கள் மீது சிவில் வழக்குப் போட்டு இருக்கிறார்கள். வழக்குப் போட்டவர் வாதி. நீங்கள் பிரதிவாதி.

இனி என்ன செய்வது?

வக்கீலைப் பார்க்க வேண்டும். பிராதில் சொல்லி இருப்பதற்கு எல்லாம் பதில் எழுதி, கோர்ட்டில் கொடுக்க வேண்டும். இதுதான் பதில் மனு. "எதிர்வழக்குரை" என்றும் எழுதுவார்கள்.

சம்மன் கிடைத்த நாளில் இருந்து 30 நாளைக்குள் இதைக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் சொன்னால், 90 நாள் வரை நீதிபதி விடலாம்.

இதுவரை சிக்கல் இல்லை. பதில் மனு கொடுத்து இரண்டு மூன்று வருஷம் ஆன பிறகு, "ஒன்றைச் சொல்ல விட்டுப் போயிற்று. இன்னொரு பதில் மனு தருகிறேன்" என்று பிரதிவாதி வந்து நிற்கிறாரே, அங்கேதான் சிக்கல்!

அண்ணனும் தங்கையும்

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக் கொள்வோம்.

அப்பா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு வீடு கட்டினார். மாடியை வாடகைக்கு விட்டார். அம்மா முன்பே காலமாகி விட்டாள். பிறகு அப்பாவும் போய் விட்டார். பிள்ளைகள் இரண்டே பேர். ஒரு மகன், ஒரு மகள்.

1956-ம் ஆண்டு இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி, அப்பா உயில் எழுதாவிட்டால், இருவருக்கும் சம பங்கு.

"என் பங்கைக் கொடுத்துடுங்க அண்ணே" என்றாள் தங்கை.

"உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே! இன்னும் என்ன பங்கு?" என்றார் அண்ணன்.

தங்கை பாகம் கேட்டு வழக்குப் போட்டாள்.

அண்ணன் பதில் மனு கொடுத்தார். "வீடு அப்பாவுடையதுதான். அப்பா உயில் எழுதவில்லை. ஆனால் கல்யாணச் செலவோடு தங்கையின் கணக்குத் தீர்ந்து விட்டது" என்று அதில் இருந்தது. கீழே, "மேலே கண்டவை உண்மை" என்று கையெழுத்தும் போட்டார்.

மூன்று வருஷம் ஓடியது. விசாரணை தொடங்கியது. தங்கை கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னாள். குறுக்கு விசாரணையும் முடிந்தது. அடுத்தது அண்ணனின் சாட்சி.

அன்று அண்ணனின் வக்கீல் ஒரு மனுவை நீட்டினார்.

"வீட்டை மகனுக்கே அப்பா உயில் எழுதி வைத்து இருக்கிறார். கூடுதல் பதில் மனுவை ஏற்க வேண்டும்."

தங்கைக்குத் தலை சுற்றியது.

அனுமதி எதற்கு?

உயிலைக் கூண்டில் ஏறிக் காட்டி விட்டால் போதாதா? இதற்கு ஏன் இன்னொரு மனு?

போதாது. மனுவில் சொல்லாத விஷயத்துக்கு எத்தனை சாட்சி கொண்டு வந்தாலும், கோர்ட்டு பொதுவாக அதைக் கணக்கில் எடுக்காது. எதைப் பற்றிச் சண்டை என்று எதிராளிக்கு முன்பே தெரிய வேண்டும் அல்லவா?

ஆனால் முதல் பதில் மனுவுக்குப் பிறகு, நினைத்தபோது எல்லாம் புது மனு கொடுக்க முடியாது. கோர்ட்டின் அனுமதி வேண்டும். 1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தில் 8-வது கட்டளை, 9-வது விதி இதைச் சொல்கிறது. பத்திரங்களையும் பதில் மனுவோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். பிறகு கொண்டு வந்தால், அதற்கும் அனுமதி வேண்டும்.

வாதி தம் பிராதைத் திருத்தினால் மட்டும் கதை வேறு. திருத்திய பகுதிக்குப் பிரதிவாதி பதில் சொல்லலாம். அது நியாயம்தானே?

நீதிபதியின் கேள்விகள்

"உயில் இத்தனை நாள் எங்கே இருந்தது?"

"பெட்டிக்குள் இருந்தது."

"பெட்டி யாரிடம் இருந்தது?"

"என் கட்சிக்காரரிடம்தான்."

இப்படிப் பதில் வந்தால் மனு தேறுவது கஷ்டம்!

விசாரணை தொடங்கிய பிறகு மனுவைத் திருத்த வேண்டுமானால், "எவ்வளவு கவனமாக இருந்தும் இதை முன்பே சொல்ல முடியவில்லை" என்று காட்ட வேண்டும். 2002-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் இந்தக் கண்டிப்பு அமலில் இருக்கிறது. கூடுதல் பதில் மனு என்று பெயரை மாற்றி, இந்தக் கண்டிப்பில் இருந்து நழுவப் பார்ப்பவர்களும் உண்டு.

இன்னொரு கேள்வி, இதைவிடப் பெரியது. முன்பு ஒப்புக் கொண்டதை இப்போது மாற்றுகிறாரா?

பிரதிவாதி புதிய காரணம் ஒன்றைச் சேர்ப்பதற்குக் கோர்ட்டுகள் கொஞ்சம் தாராளம் காட்டுவது உண்டு. பழைய காரணத்தோடு அது முழுக்க ஒத்துப் போகாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் தெளிவாக ஒப்புக் கொண்டதை அடியோடு அழிக்க விடுவது இல்லை. 1976-ல், ஒரு நூற்பாலையின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதைத்தான் சொன்னது. முதல் பதில் மனு கொடுத்து சுமார் 3 வருஷம் கழித்து, அதில் இருந்த பகுதிகளை மாற்ற அந்த ஆலை அனுமதி கேட்டது. கிடைக்கவில்லை.

"உயில் எழுதவில்லை" என்று கையெழுத்துப் போட்ட அண்ணனின் மனு, தள்ளுபடி ஆகவே வாய்ப்பு அதிகம்.

பெரியவரின் ரசீது

தாமதமாக வருகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா? இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் கடன் வழக்கில் மாட்டுகிறார். பாதிப் பணத்தை அவர் முன்பே கட்டி விட்டார். ரசீதைக் காணோம். வக்கீலிடம் சொல்லவும் கூச்சம். பதில் மனு இங்கிலீஷில் இருக்கிறது. படித்துக் காட்டச் சொல்லாமலே கைநாட்டு வைத்து விடுகிறார். பிறகு, விசாரணை தொடங்கும் முன், வெளியூரில் உள்ள மகள் வீட்டில் ரசீது கிடைக்கிறது.

இவருக்குக் கதவை அடைத்தால், கட்டிய பணத்தையே மறுபடி கட்ட வேண்டி வரும். இப்படிப்பட்ட இடத்தில், எதிராளிக்குச் செலவுத் தொகை கொடுக்கச் சொல்லி விட்டு மனுவை ஏற்பது உண்டு. அது சரிதான் என்பது என் எண்ணம்.

காலக் கெடுவைப் பற்றிப் பெரிய வழக்கே நடந்தது. போட்டது நம் சேலம் வக்கீல்கள் சங்கம்! 90 நாளுக்கு மேல் ஒரு நாளும் கூடாதா என்பதும் அதில் ஒரு கேள்வி. "மிகவும் கஷ்டமான வழக்குகளில் மட்டும் நீதிபதி விடலாம். சர்வ சாதாரணமாக விடக் கூடாது" என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. வியாபாரத் தகராறுகளுக்கு என்று உள்ள தனிக் கோர்ட்டுகளில் இந்தச் சலுகையும் கிடையாது. அங்கே 120 நாள் போனால், பதில் மனு கொடுக்கும் உரிமையே போய் விடும்.

தங்கை என்ன ஆனாள்?

அண்ணனின் மனு தள்ளுபடி ஆகி விட்டது என்றே வைத்துக் கொள்வோம். அவர் ஐகோர்ட்டுக்குச் சீராய்வு மனு போடலாம். அங்கே தடை உத்தரவு கிடைத்தால், கீழ்க் கோர்ட்டில் வழக்கு அப்படியே நிற்கும். தங்கை மறுபடி பஸ் ஏறி, ஐகோர்ட்டு வக்கீலைத் தேட வேண்டும்.

இதற்கு இடையில், மாடி வாடகையை மாதா மாதம் அண்ணன்தான் வாங்கிக் கொண்டு இருக்கிறார். அந்த வாடகையில் தன் பங்குக்குக் கணக்குக் கேட்கவும் தங்கைக்கு உரிமை உண்டு. அவளுடைய வக்கீல் அதைப் பிராதிலேயே எழுதி இருக்கிறாரா என்று அவள் இன்றே கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது.