ஜோகியும் குறிஞ்சியும் ஒரே மலையில்

சிறுவன் வளர்ந்து ஆளாகும் கதையில் எழுத்தாளருக்கு முதல் தலைவலி, காலத்தைக் காட்டுவது. ராஜம் கிருஷ்ணனுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. 1963-இல் நூலான ‘குறிஞ்சித்தேன்’ நாவலில் ஜோகி என்ற படகர் சிறுவனுக்கும் அவனை அடுத்து வரும் தலைமுறைகளுக்கும் நீலகிரியே ஒரு கடிகாரம் வைத்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அடிக்கும் கடிகாரம்.

நீலக்குறிஞ்சி பெரும்பாலும் முழங்கால் உயரப் புதர்தான். பூக்காத காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பன்னிரண்டாம் ஆண்டில், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை, மணி வடிவ ஊதா நீலப் பூக்கள் புல்மலைச் சரிவெங்கும் ஒன்றாக மலர்கின்றன. தேனீக்கள் மொய்க்கின்றன. பிறகு காய் முற்றி வெடிக்கிறது. உள்ளே கொக்கி போன்ற ஓர் உறுப்பு விதையைச் சுண்டி எறிகிறது. அத்தோடு செடி செத்துப்போகிறது. அடுத்த பூப்பு, பிள்ளைச் செடிகளின் வேலை.

ஏன் இப்படி? மூங்கில்கள் பல்லாண்டு காத்திருந்து கூட்டமாகப் பூப்பதைப் பற்றி 1976-இல் டேனியல் ஜான்சன் என்ற அமெரிக்க உயிரியலாளர் தந்த விளக்கம் இங்கும் பொருந்துகிறது. ஆண்டுதோறும் விதை கிடைத்தால் அதைத் தின்னும் பூச்சியும் பறவையும் பெருகிக்கொண்டே போகும். பல ஆண்டு பட்டினி போட்டு, திடீரென்று மலையளவு விதையைக் கொட்டினால் தின்று தீர்க்க ஆள் போதாது, மிச்சம் முளைத்துவிடும். அவசரப்பட்டு ஓராண்டு முன்னதாகப் பூக்கும் செடிக்கு மகரந்தம் தர அக்கம்பக்கத்தில் துணை இருக்காது. தப்பித்தவறிக் காய்த்தாலும் அந்தக் கொஞ்ச விதையும் வயிறுகளுக்குத்தான். கூட்டத்தை விட்டு விலகிய கணக்கு இப்படித் தலைமுறைதோறும் கழிந்து, சேர்ந்து பூப்பவை மட்டும் நிலைக்கின்றன. செடிக்குள் பன்னிரண்டை எண்ணுவது எது என்பது இன்னும் தீராத கேள்வி.

இந்தக் கணக்கை ஒரு பிள்ளையின் வயதோடு வைத்துப் பாருங்கள். நீலகிரியின் பெரும் பூப்புகள் 1922, 1934, 1946, 1958. அங்கே 1925-இல் பிறந்த பிள்ளை (ராஜம் கிருஷ்ணன் பிறந்த ஆண்டும் அதுவே, ஆனால் முசிறியில்) முதல் குறிஞ்சியை ஒன்பது வயதில் பார்த்திருக்கும். அடுத்ததை இருபத்தொன்றில், அதற்கடுத்ததை முப்பத்து மூன்றில். வியந்து பார்ப்பவன், காதலிப்பவன், கடன் கட்டுபவன் என்று ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறான். பூ மட்டும் மாறவில்லை.

மலையும்தான் மாறிவிட்டது. 1922-க்கும் 1934-க்கும் நடுவில், 1932-இல், பைக்காரா மின்திட்டம் ஓடத் தொடங்கியது. முக்குருத்தியில் பிறந்து வரும் பைக்காரா ஆறு, அம்மலையின் தோடர் பழங்குடிக்குப் புனிதமானது. அதன் நீரைக் குழாய்க்குள் விட்டு, ஏறக்குறைய 900 மீட்டர் கீழே சிங்காராவில் சக்கரங்களைச் சுழல வைத்தார்கள். அந்த மின்சாரத்தில் கோவை ஆலைகள் ஓடின. 1958-இல் குறிஞ்சி பூத்தபோது கனடா உதவியோடு குந்தா அணைகள் எழுந்துகொண்டிருந்தன. சாமையும் ராகியும் விளைந்த நிலத்தில் தேயிலை ஏறியது. எருமை, பால், தெய்வமான ஹெத்தை அம்மன் என்று இருந்த ஹட்டிக்குள், அதாவது படகர் ஊருக்குள், காசு நுழைந்தது. ராஜம் கிருஷ்ணனின் கணவர் மின்பொறியாளர். ஆகவே மின்கம்பி வந்த பக்கத்திலிருந்து மலைக்குப் போனவர், கம்பி கடந்துபோன மக்களின் பக்கம் நின்று எழுதினார். என் கணிப்பில் நாவலின் வலு அங்கேதான். ஜோகியின் வெகுளித்தனத்தை ஒரு வில்லன் வந்து பறிக்கவில்லை. அணையும் பள்ளிக்கூடமும் தேயிலை விலையும் போதுமாக இருந்தன.

குறிஞ்சிக்கும் இதே கதிதான். அதற்குத் திறந்த புல்மலையும் வெயிலும் வேண்டும். பைக்காராவைச் சுற்றி இன்று சீகை, பைன், யூகலிப்டஸ் நிழல். 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் நீலக்குறிஞ்சியை அழிவாய்ப்புள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. 2018-இல் பூத்த செடிகளின் விதைகள் முளைத்து, இப்போது பூவில்லாத வெறும் புதராக நிற்கின்றன. அவற்றின் முறை 2030-இல்.