ஆர்எக்ஸ் 100 கார்புரேட்டர்: கிளிப் மேலே போனால் பெட்ரோல் குறையும்

போன எபிசோட்ல அப்பாவோட ஆர்எக்ஸ் 100 கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். "கார்புரேட்டரை நீங்களே கழற்றினீங்களே, என்னதான் ஆச்சு?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீங்க. என்ஜின் ஜாம் ஆச்சு. ஏன் ஆச்சு என்பதுதான் இன்றைய எபிசோட்.

வண்டி 1993 மாடல். 98 சிசி, டூ ஸ்ட்ரோக். நாலு வருஷம் ஷெட்டில் சும்மா நின்றது. ஃப்ளோட் பௌலைக் கழற்றிப் பார்த்தால், பெட்ரோல் வற்றி அரக்கு மாதிரி பழுப்பாக ஒட்டியிருக்கு. அடியில் வெள்ளைப் பொடி வேறு. இப்போ பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியில் அந்த ஈரம் பௌலில் தங்கி உலோகத்தை அரிக்கும்.

சுத்தம் பண்றது கஷ்டமே இல்லை. ஜெட்டுகளைக் கழற்றி, கிளீனர் அடித்து, ஊற வைத்து, காற்று ஊதணும். ஒரே ஒரு விஷயம்: அடைப்பை எடுக்க ஊசியோ கம்பியோ விடாதீங்க. ஜெட் பித்தளை. துளை கொஞ்சம் பெரிதானாலும் அது வேற நம்பர் ஜெட் ஆகிவிடும், மேலே பொறித்திருக்கும் நம்பர் மட்டும் பழசாகவே இருக்கும்!

நான் சொதப்பினது அடுத்த கட்டத்தில். த்ராட்டில் ஸ்லைடுக்குள் நீளமாக ஒரு நீடில் தொங்கும். அதன் தலைப்பக்கம் சில பள்ளங்கள், அதில் ஒன்றில் சின்னதா ஒரு கிளிப். நடுப் பள்ளத்தில் இருந்த கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றினேன். மேலே போனால் பெட்ரோல் கூடும், பிக்கப் நல்லா இருக்கும் என்று நினைப்பு. உண்மை நேர் எதிர். நீடில் அந்தக் கிளிப்பில்தான் தொங்குது. கிளிப் மேலே போனால் நீடில் கீழே இறங்கும், துளையை இன்னும் அடைக்கும், பெட்ரோல் குறையும்.

அப்படியும் வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆச்சு. ஐடிலிங் அவ்வளவு அழகு. அதை நம்பித்தான் ஏமாந்தேன்.

கார்புரேட்டர் பார்க்க ஒரே பொருள்தான். ஆனால் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கு என்பதைப் பொறுத்து உள்ளே வேலை செய்கிற ஆள் மாறிக்கிட்டே இருப்பார். ஐடிலில் இருந்து கால்வாசி வரைக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை நீடில். அதற்கு மேலே மெயின் ஜெட். எல்லைகள் கொஞ்சம் கலக்கும், ஆனால் கணக்கு இதுதான். ஐடிலிங் நல்லா இருந்தால் பைலட் நல்லா இருக்கு, அவ்வளவே. நீடிலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. லாகின் பக்கம் திறக்குது என்று மொத்த ஆப்பையும் ரிலீஸ் பண்ற மாதிரி.

ஈசிஆர் ரோட்டில் அப்பாவைப் பின்னாடி உட்கார வைத்துப் போனேன். பாதி த்ராட்டில், அறுபது கிலோமீட்டர் வேகம். திடீரென்று என்ஜின் சத்தம் கம்மி, பின் சக்கரம் இறுகி வழுக்கியது. ஏதோ ஒரு புண்ணியம், கிளட்சைப் பிடித்துவிட்டேன். விழவில்லை. அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

மெக்கானிக் அண்ணன் சிலிண்டரைக் கழற்றி பிஸ்டனைக் காட்டினார். பக்கவாட்டில் நீளநீளமாகக் கீறல். "பெட்ரோல் கம்மியானா சூடு ஏறும் தம்பி. பிஸ்டன் விரிஞ்சு சிலிண்டரைப் பிடிச்சுக்கும்" என்றார். டூ ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் பெட்ரோலே பிஸ்டனைக் குளிர வைக்கவும் செய்யுது. கூடவே கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் இன்டேக் ரப்பரிலும் வெடிப்பு இருந்தது. அந்த வழியாகவும் உபரிக் காற்று. கிளிப்பா ரப்பரா, யார் குற்றவாளி? எல்லாவற்றையும் ஒரே நாளில் பிரித்துப் போட்டதால் எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதாச்சு.

ரெண்டாவது தடவை ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், ஒவ்வொன்றும் நோட்டில் எழுதி. முதலில் புது ரப்பர். ஓடுகிற என்ஜினில் அதைச் சுற்றிக் கொஞ்சம் கிளீனர் அடித்துப் பார்த்தேன். சத்தம் மாறினால் லீக். சூடான சைலன்சர் பக்கம் போகாமல் பார்த்துக்கோங்க. கிளிப் திரும்ப நடுப் பள்ளத்துக்கு. ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுசும் உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். என்ஜின் நல்லா சூடான பிறகு கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐடிலிங் எங்கே அதிகமாகுதோ அங்கே நிறுத்தினேன். இந்த ஸ்க்ரூ காற்றை அளக்குது, பெட்ரோலை இல்லை. அதனால் உள்ளே போனால் ரிச், வெளியே வந்தால் லீன். கடைசியாக ஸ்லைடைத் தூக்கும் இன்னொரு ஸ்க்ரூவால் ஐடிலிங்கைக் குறைத்தேன்.

த்ராட்டில் பிடியில் கால், அரை, முக்கால் என்று டேப் ஒட்டி அடையாளம் வைத்திருக்கேன். ரன்னிங்-இன் முடிந்ததும், அரை த்ராட்டிலில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அப்படியே என்ஜினை ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வெள்ளை என்றால் லீன், ஈரக் கறுப்பு என்றால் ரிச். வந்தது காபிப்பொடி நிறம். போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் பதில் வந்தது.

அப்பா இப்போ திரும்பவும் வருகிறார். ஆனால் வண்டியை அவர்தான் ஓட்டுவார், நான் பின்னாடி. இடது கையின் ரெண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கும்.