லேண்ட் ரோவருக்குப் புதுச் சேஸிஸ்: யாரிடம் வாங்குவது?

பிரிட்டனில் பழைய லேண்ட் ரோவர் வாங்கப் போகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் எஞ்சினைப் பார்ப்பதில்லை. கையில் சின்னச் சுத்தியலோடு வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போகிறார்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு உயிரோடு இருக்கிறது. சத்தம் அடங்கி மொத்தையாக வந்தால் உள்ளே துரு தின்றுவிட்டது. மேலே இருக்கும் உடம்பு அலுமினியக் கலவை. அடிபட்டு நெளியுமே தவிர, எளிதில் அழியாது. அதைத் தாங்கும் சேஸிஸ்தான் முதலில் போகிறது. அதனால்தான் உடம்பும் எஞ்சினும் நன்றாக இருக்கும் வண்டிகளுக்குப் புதுச் சேஸிஸ் போடுவது அங்கே தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது.

இதன் வேர் வண்டி பிறந்த காலத்தில் இருக்கிறது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமானது. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு. அதனால் உடம்புக்கு 'பிர்மாப்ரைட்' என்ற அலுமினியக் கலவை வந்தது. சேஸிஸை அச்சில் அழுத்தி வளைக்கப் பெரிய எந்திரங்கள் வேண்டும். அதற்குச் செலவிட ரோவர் நிறுவனம் விரும்பவில்லை. தட்டையான எஃகுத் தகடுகளை வெட்டி, நான்கு பக்கமும் வெல்டிங் செய்து பெட்டிபோல் மூடினார்கள். வலுவுக்கு அது அருமையான வழி. ஆனால் மூடிய பெட்டிக்குள் நுழைந்த சேறும் நீரும் எளிதில் வெளியேறுவதில்லை. குளிர்காலத்தில் பனி உறையாதிருக்க பிரிட்டிஷ் சாலைகளில் தூவும் உப்பும் அதோடு சேர்ந்துகொள்கிறது. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு பொட்டு தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

இதில் என்னை வருத்துவது ஒன்று உண்டு. விற்பனைக்கு முந்தைய சோதனை வண்டிகளின் சேஸிஸைத் துத்தநாகத்தில் முக்கித்தான் எடுத்தார்கள். உற்பத்தி தொடங்கியபோது அதைக் கைவிட்டு வெறும் பெயின்ட் அடித்தார்கள். அன்று தொழிற்சாலை விட்டதைத்தான் இன்று உரிமையாளர்கள் தம் காசில் போட்டுக்கொள்கிறார்கள்.

முதலில் போவது பெரும்பாலும் கடைசிக் குறுக்குச் சட்டம். அடுத்து உடம்பைத் தாங்க இருபுறமும் நீளும் கைகள். அப்புறம் பின் அச்சுக்கு மேலே சேஸிஸ் வளைந்தேறும் இடம். இவற்றில் ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருந்தால் அந்தத் துண்டை மட்டும் வாங்கி ஒட்டலாம். பின்பாதியை மட்டும் தனியாகவும் செய்து தருகிறார்கள். ஆண்டுச் சோதனையான எம்.ஓ.டி.யில் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் பிடிப்பிடங்களிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் வலுவைக் குலைக்கும் அளவுக்கு அரிப்பு இருந்தால் வண்டி தேறாது. ஒட்டின் மேல் ஒட்டாகப் போட்ட சேஸிஸில் வெல்டிங் கூலி கொடுத்துக்கொண்டே இருப்பதைவிட முழுசாக மாற்றுவதே மேல். ஒரே விதிவிலக்கு, வரலாறு உள்ள வண்டிகள். முதல் உற்பத்தி வண்டியான ஜே.யு.இ. 477-ஐ மீட்டவர்கள் பழைய இரும்பை முடிந்தவரை காப்பாற்றினார்கள். அது சரியான முடிவு. அத்தகைய வண்டிக்குப் புதுச் சேஸிஸ் போட்டால் காப்பாற்ற வந்ததையே தூக்கி எறிவதாகும்.

மாற்றுவது என்று முடிவானபின் கேள்வி, யாரிடம் என்பது. லேண்ட் ரோவரின் சோலிஹல் ஆலையில், அந்தப் பழைய வடிவத்தின் கடைசி வண்டியான டிஃபெண்டர் 2016 ஜனவரி 29 அன்று வெளிவந்தது. இன்று இந்தச் சேஸிஸ் தொழிலைத் தூக்கிப் பிடிப்பவை சிறிய பட்டறைகள். தெற்கு யார்க்‌ஷயரின் ரிச்சர்ட்ஸும், அதோடு மார்ஸ்லாண்ட், ஷீல்டர் ஆகியவையும் வண்டிக்காரர்கள் வாயில் அடிக்கடி அடிபடும் பெயர்கள். வாங்க வருகிறவர் பெரும்பாலும் கேட்பது விலையும் துத்தநாகப் பூச்சும்தான். என் கருத்து வேறு: பூச்சைவிட அளவையும் துளைகளையும் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும்.

ஏன் என்றால், பூச்சுக்கு எல்லோருக்கும் பொதுவான தரக் குறியீடு இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 1461 படி, 1.5 முதல் 3 மி.மீ. வரை தடிப்புள்ள எஃகில் சராசரி 55 மைக்ரான், 3 முதல் 6 மி.மீ. வரை 70 மைக்ரான் துத்தநாகம் ஏற வேண்டும். சேஸிஸை அமிலத்தில் கழுவி, சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டியில் முக்குகிறார்கள்; இதுதான் கால்வனைசிங். துரு பிறக்கும் உட்புறத்துக்கும் துத்தநாகம் போய்ச் சேர்வதுதான் இம்முறையின் பெருமை. காற்றும் திரவமும் போய்வரத் துளைகள் சரியாக விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடைபட்ட ஈரம் ஆவியாகி வெடிக்கும். மேலே அமரும் அலுமினியத்துக்கும் இது நல்லது. வெறும் இரும்போடு ஈரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். துத்தநாகத்தோடு அந்தச் சண்டை மிகக் குறைவு.

ஆனால் அதே சூடு இன்னொரு வேலையும் செய்கிறது. வெல்டிங் செய்தபோது தகட்டுக்குள் அடைபட்ட இறுக்கத்தை அது அவிழ்த்துவிடுகிறது. நீளமான சட்டம் முறுக்கிக்கொள்ளலாம், வளையலாம். ஜிக் என்னும் பிடிச்சட்டத்தில் பூட்டி வெல்டிங் செய்தபோது மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தது, தொட்டியிலிருந்து வெளிவரும்போது அப்படி இருக்கும் என்று உறுதியில்லை. ஆகவே முதல் கேள்வி இது: “கால்வனைசிங் முடிந்து வந்தபின் மறுபடி ஜிக்கில் வைத்துப் பார்க்கிறீர்களா?” நல்ல பட்டறைக்காரர் இதற்கு உடனே, எப்படிப் பார்க்கிறார், பிசகியிருந்தால் என்ன செய்கிறார் என்று சொல்லத் தொடங்குவார். பூச்சின் பளபளப்பைப் பற்றியே பேசி நழுவுகிறவரிடம் நான் காசு கொடுக்கமாட்டேன். பிசகிய சேஸிஸின் விலை பிறகுதான் தெரியும். கதவு சட்டத்தில் உட்காராது. முன் அச்சும் பின் அச்சும் நேர்கோட்டில் நிற்காமல் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதற்குள் எல்லாம் பூட்டியாகிவிட்டிருக்கும்.

துளைகளும் அப்படித்தான். துத்தநாகம் மரையை அடைத்துவிடும். புஷ் அடிக்கும் துளையைக் குறுக்கிவிடும். பட்ட‌றையிலேயே மரை வெட்டும் டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்து தருகிறார்களா என்று கேளுங்கள். உள்ளே சொட்டுச் சொட்டாக உறைந்து கூராக நிற்கும் துத்தநாகத்தையும் கவனிக்க வேண்டும். டிஃபெண்டரில் பின்விளக்குக்குப் போகும் வயர் கட்டு சேஸிஸ் குழிக்குள்ளேயே ஓடுகிறது. கூர்முனை உறையைக் கிழித்தால், கோளாறு எங்கே என்று தேடியே நாள் போய்விடும்.

இதைவிடவும் நல்ல சோதனை, பட்டறைக்காரர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பது. “டிஃபெண்டர் 90 சேஸிஸ் வேண்டும்” என்றதும் விலை சொல்லி முன்பணம் கேட்டால் நின்று யோசியுங்கள். ஒரே பெயரில் வந்த வண்டிக்குள் எத்தனையோ வகை. 200 டிடிஐ எஞ்சினின் தாங்கிகள் 300 டிடிஐயின் தாங்கிகள் இருக்கும் இடத்தில் இல்லை. கியர் பாக்ஸும் வேறு. 1998-இல் டிடி5 எஞ்சின் வந்தபோது 90-இன் டீசல் டேங்க் பக்கவாட்டிலிருந்து பின்னால் போனது. டிஃபெண்டருக்கு முந்தைய சீரீஸ் வண்டிகளில் நான்கு சிலிண்டருக்கும் ஆறு சிலிண்டருக்கும் தாங்கிகள் மாறும். ஆண்டு, எஞ்சின், கியர் பாக்ஸ், டேங்க் இருக்குமிடம், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று அவர் துருவித் துருவிக் கேட்கிறாரா, வண்டி எண்ணை வாங்கிச் சரிபார்க்கிறாரா என்று பாருங்கள். முன் உரிமையாளர் எஞ்சினை மாற்றியிருக்கலாம். அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

தகட்டுத் தடிப்பில் வாதம் ஓயாது. மூல சேஸிஸ் பெரும்பாலும் 2 மி.மீ. தகடு; சிலர் 3 மி.மீ. விற்கிறார்கள். தடித்தது துருவைக் கூடுதல் காலம் தாங்கும், எடையும் கூடும். உட்புறம் வரை துத்தநாகம் ஏறிய 2 மி.மீ. சேஸிஸே சாலைக்குப் போதும் என்பது என் கணிப்பு. கனமான வின்ச், பாறைப் பயணம் என்றால் கதை வேறு.

காகித விஷயமும் உண்டு. பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ. நீண்ட காலம் புள்ளிக்கணக்கு வைத்திருந்தது: பழைய பதிவெண் நிலைக்க 8 புள்ளி வேண்டியிருந்தது, அதில் 5 சேஸிஸுக்கு. மூலத்தைப் போலவே செய்த புதுச் சேஸிஸ் அந்த 5-ஐப் பெற்றது. வெட்டி மாற்றியது பெறவில்லை. 2025-இல் விதிகள் தளர்ந்தன. அப்படியும், மூல அளவுப்படி செய்தது என்று பட்டறைக்காரர் எழுதித் தரும் ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துவது பின்னாளில் விற்கும்போது உதவும்.

பல பட்டறைகள் ஆர்டர் வந்தபின்தான் செய்கின்றன, காத்திருக்க வேண்டும். முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கு, 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது. சிறு பட்டறை இடையில் மூடப்பட்டால் இந்தப் பாதுகாப்பு பெரிது.

சேஸிஸ் வாசலுக்கு வரும்வரை வண்டியைப் பிரிக்காதீர்கள். வந்த அன்றே லேண்ட் ரோவர் பட்டறைக் கையேட்டில் இருக்கும் அளவுப்படத்தை விரித்து, அளவு டேப் பிடித்து மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் ஒரு போல்ட்டும் மாட்டாமல் திருப்பி அனுப்புங்கள். ஒத்துவந்தால், குழிகளுக்குள் மெழுகு பீய்ச்சிவிட்டு வேலையைத் தொடங்கலாம். பழைய சேஸிஸை மட்டும் எடைக்குப் போட அவசரப்பட வேண்டாம். பிரேக் குழாய்க் கிளிப்புக்கு எந்த உயரத்தில் துளை, ஒரு சின்னத் தாங்கி எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதெல்லாம் அந்தத் துருப்பிடித்த இரும்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.