வாஷிங் மெஷினுக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர்!

கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. பாட்டு கேட்பது, ரயில் டிக்கெட் எடுப்பது, பையனின் மார்க்கைப் பார்ப்பது, இதைத் தவிர அதனால் என்ன பயன் என்று வீட்டில் பேச்சு வாங்குபவரா நீங்கள்? நானும் வாங்கியிருக்கிறேன். சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் நின்று போன அன்றுதான் அந்தப் பேச்சு நின்றது.

என் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, படுக்கையில் இருந்த நேரம் அது. தினமும் இரண்டு பெட்ஷீட், மூன்று நான்கு துணிகள் துவைத்தாக வேண்டும். முன்புறம் கதவு உள்ள மெஷின். வாங்கி ஐந்து வருடம் முடிந்து வாரண்டி தீர்ந்து போயிருந்தது. ஒரு நாள் காலை துவைத்து முடித்து அலசும்போது அப்படியே நின்றுவிட்டது. டிரம்முக்குள் சோப்புத் தண்ணீர், அதில் இரண்டு பெட்ஷீட், கதவு பூட்டியபடி. டிஸ்பிளேயில் ஒரு குறியீடு மட்டும் மின்னிக் கொண்டிருந்தது.

போன் செய்து வரவழைத்த மெக்கானிக் இரண்டு நிமிடம் டிஸ்பிளேயைப் பார்த்தார். ஒருமுறை ஆப் செய்து ஆன் செய்தார். "போர்டு போச்சு சார். 7,500 ஆகும். பார்ட் வர பத்து நாள்" என்றார். வந்து பார்த்ததற்கு 400 ரூபாய் வாங்கிக் கொண்டு கிளம்பினார்.

பத்து நாள்! என் மனைவிக்கு முதுகு வலி உண்டு. குனிந்து பெட்ஷீட் பிழிய முடியாது. அம்மாவோ உள்ளே இருந்து, "விடுப்பா, எனக்கு ஒரு ஷீட் போதும், தினம் மாத்த வேண்டாம்" என்றார். அதைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்தேன்.

மாடல் எண்தான் சாவி

நம்மில் பலர் கூகுளில் "வாஷிங் மெஷின் ரிப்பேர்" என்று மட்டும் டைப் செய்கிறோம். வந்து குவிவதெல்லாம் விளம்பரங்களும் நமக்குச் சம்பந்தமில்லாத மெஷின்களும்தான். முதலில் உங்கள் மெஷினின் மாடல் எண் வேண்டும். முன்புறக் கதவு மெஷினில் கதவைத் திறந்தால் அதன் உட்புறமோ, சுற்றியுள்ள விளிம்பிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மேலே திறக்கும் மெஷினில் பெரும்பாலும் பின்பக்கம். எனக்குக் கதவு பூட்டியிருந்ததால் பழைய பில்லைத் தேடி எடுத்தேன். (பில்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்கேன் செய்தோ போட்டோ எடுத்தோ கம்ப்யூட்டரில் ஒரு போல்டரில் போட்டு வையுங்கள்.)

மாடல் எண்ணை ஓர் எழுத்து விடாமல் இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்து, பக்கத்தில் "மேனுவல்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள். மேற்கோள் குறிக்குள் கொடுத்தால் அந்த எண் அப்படியே உள்ள பக்கங்களை கூகுள் தேடித் தரும். தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் "சப்போர்ட்" பகுதிக்குப் போனால் பெரும்பாலான மாடல்களுக்கு மேனுவல் இலவசமாகவே கிடைக்கும். அது பி.டி.எப். பைலாக இருக்கும். மேனுவல் தருகிறோம் என்று சொல்லி டாட் இ.எக்ஸ்.இ. என்று முடியும் பைலை ஒரு தளம் இறக்கச் சொன்னால் உடனே அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். மேனுவல் படிப்பதற்கானது, அதை இன்ஸ்டால் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

என் மேனுவல் எழுபது பக்கத்துக்கு மேல். எல்லாவற்றையும் யார் படிப்பது? பைலைத் திறந்து கண்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் வரும். டிஸ்பிளேயில் பார்த்த குறியீட்டை அதில் டைப் செய்து எண்டர் தட்டினேன். நேராக அட்டவணைக்குப் போய் நின்றது. "தண்ணீர் வெளியேறவில்லை" என்றுதான் அங்கே அர்த்தம் போட்டிருந்தது. போர்டு பற்றி அந்த வரியில் ஒரு வார்த்தையும் இல்லை.

குறியீடுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எல்.ஜி. மெஷின்களில் "ஓ.இ." என்றால் தண்ணீர் வெளியேறவில்லை, "ஐ.இ." என்றால் தண்ணீர் உள்ளே வரவில்லை, "யூ.இ." என்றால் துணி ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டது. சாம்சங்கில் தண்ணீர் வெளியேறாததற்கு 5 என்ற எண்ணுடன் "இ" அல்லது "சி" வரும், உள்ளே வராததற்கு 4 வரும். அந்த 5, டிஸ்பிளேயில் "எஸ்" மாதிரியே தெரியும்; குழம்பிவிடாதீர்கள்.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

இந்த இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அன்று 7,500 ரூபாய் மிச்சமானது இதனால்தான்.

வாஷிங் மெஷினுக்குள் இருப்பது மைக்ரோ கண்ட்ரோலர் என்ற ஒற்றைச் சில்லுக் கம்ப்யூட்டர். 1974ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் டி.எம்.எஸ். 1000 என்ற சில்லை விற்பனைக்குக் கொண்டு வந்த பிறகு, இந்தச் சில்லுகள் மெல்ல மெல்ல வீட்டுச் சாமான்களுக்குள் நுழைந்துவிட்டன. உங்கள் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டும் மவுஸும் மாதிரி, மெஷினுக்குச் சென்சார்கள். உங்களுக்கு மானிட்டரும் பிரிண்டரும் மாதிரி, அதற்கு மோட்டாரும் பம்பும்.

தண்ணீர் அளவை அது எப்படித் தெரிந்து கொள்கிறது? தொட்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மேலே உள்ள பிரஷர் சென்சாருக்குப் போகிறது. தொட்டியில் தண்ணீர் ஏறினால் குழாய்க்குள் சிக்கிய காற்று அழுந்தும். அந்த அழுத்தத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு என்று கணக்கிடும். பம்பை ஆன் செய்து சில நிமிடம் ஆகியும் அழுத்தம் குறையவில்லை என்றால் குறியீட்டைக் காட்டி நின்றுவிடும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். பம்பில் காசு சிக்கியிருக்கிறதா, ஹோஸ் மடங்கியிருக்கிறதா, பம்பே எரிந்துவிட்டதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. "பிரிண்ட் ஆகவில்லை" என்று கம்ப்யூட்டர் சொன்னால் பேப்பர் இல்லாமல் இருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம். அதற்காக மதர்போர்டை மாற்றுவோமா?

மெஷினைத் திரும்ப ஆன் செய்து, பிழியும் புரோகிராமை மட்டும் கொடுத்து, கீழே காதை வைத்துக் கேட்டேன். "ம்ம்ம்" என்று உறுமும் சத்தம்! பம்ப் உறுமுகிறது என்றால் போர்டு அதற்குக் கரண்ட் அனுப்புகிறது என்றுதானே அர்த்தம்? போர்டு தன் வேலையைச் செய்கிறது. பம்ப் சுற்ற முயல்கிறது, எதுவோ தடுக்கிறது. அந்த மெக்கானிக் குனிந்து கேட்டிருந்தால் அவருக்கும் கேட்டிருக்கும்.

வாளியும் பழைய துணியும்

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். சுவிட்சை மட்டும் ஆப் செய்தால் போதாது. பிளக் வெளியே வர வேண்டும். தண்ணீர்க் குழாயையும் மூடினேன். சுடுதண்ணீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை காத்திருங்கள்.

முன்புறக் கதவு மெஷின்களில் கீழே ஒரு மூலையில் சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் உருண்டையான பில்டர் மூடி தெரியும். பல மாடல்களில் பக்கத்திலேயே விரல் தடிமனில் ஒரு குட்டி ஹோஸ் செருகியிருக்கும். முதலில் அந்த ஹோஸை இழுத்து, தட்டையான பாத்திரத்துக்குள் விட்டு, முனையில் உள்ள அடைப்பைக் கழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் பில்டரைத் திருகினால் டிரம்மில் உள்ள தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள் ஓடும். எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது, வாளி வாளியாக. மனைவி, "என்னங்க, இதுக்கு நானே கையால துவைச்சிருப்பேன்" என்றார். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை.

தண்ணீர் வற்றியதும் பில்டரை இடப்பக்கமாகத் திருகி வெளியே எடுத்தேன். ஒரு இரண்டு ரூபாய்க் காசு, ஒரு சேப்டி பின், ரவிக்கைக் கொக்கி ஒன்று, பெட்ஷீட் ஓரத்து நூல்கள் சகதி போலச் சுருண்டு கிடந்தன. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் பம்பின் சின்னச் சக்கரம் தெரிந்தது. அதன் அச்சிலும் நூல் சுற்றியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து எடுத்தேன். அந்தச் சக்கரத்தை விரலால் தள்ளினால் வழுவழுவென்று சுற்றாது. கொஞ்சம் நின்று நின்று, துள்ளித் துள்ளி நகரும். உள்ளே நிரந்தரக் காந்தம் இருப்பதால் அப்படி. பம்ப் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள், நான் பயந்தேன்.

பில்டரைக் கழுவிப் போட்டு ஆன் செய்தேன். தண்ணீர் வெளியேறியது. வெற்றி என்று நினைத்தேன். அடுத்த முறை துணி போட்டபோது மறுபடியும் அதே குறியீடு! போதாததற்குப் பில்டர் மூடியைச் சரியாக இறுக்காததால் தரையெல்லாம் தண்ணீர்.

அன்று இரவு உண்மையிலேயே போர்டுதான் போலிருக்கிறது என்று மனம் தளர்ந்துவிட்டேன். மறுபடி மேனுவலைத் திறந்து அதே அட்டவணையைப் பார்த்தேன். முதல் முறை அவசரத்தில் நான் படித்தது ஒரு வரி. கீழே இன்னொன்று இருந்தது: வெளியேற்றும் ஹோஸ் மடங்கியிருக்கிறதா என்று பார்க்கவும். டார்ச்சுடன் மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் வாக்கர் போக வழி வேண்டும் என்று இரண்டு வாரம் முன்பு மெஷினைச் சுவரோரம் தள்ளியது நானேதான். ஹோஸ் நசுங்கி மடிந்து கிடந்தது. ஒரு சாண் முன்னால் இழுத்தேன். மடிப்பில் சேர்ந்திருந்த பஞ்சைக் கழுவினேன். அத்தோடு சரி. குறியீடு ஒன்று, காரணம் இரண்டு. செலவு, மெக்கானிக்குக் கொடுத்த 400 ரூபாய் மட்டும்.

போர்வெல் தண்ணீர் வீடுகளுக்கு இன்னொன்று. மெஷினுக்குப் பின்னால் தண்ணீர் ஹோஸ் சேரும் இடத்தில், உள்ளே சின்ன வலை ஒன்று இருக்கும். மணலும் சுண்ணாம்பும் அதில் அடைத்தால் தண்ணீர் ஏறுவது குறைந்து, "தண்ணீர் வரவில்லை" என்ற குறியீடு வரும். குழாயை மூடிவிட்டு, ஹோஸைக் கழற்றி, வலையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டால் போதும். அடிக்கடி வரும் தொல்லை இது.

எதில் கை வைக்கக் கூடாது?

திருகாணி கழற்றாமல் எட்டக்கூடிய இடங்கள் நமக்கு: பில்டர், ஹோஸ், வலை, சோப்புப் பெட்டி. பின் மூடியைக் கழற்றினால் உள்ளே 230 வோல்ட் ஒயர்கள். சில மெஷின்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள். மெஷினைத் தொட்டால் ஷாக் அடிப்பது, கருகிய வாடை, பிளக் போட்டதும் டிரிப் ஆவது இதெல்லாம் இருந்தால் மெக்கானிக்தான். வாரண்டி இருக்கும் மெஷினையும் பிரிக்காதீர்கள். வேலை முடிந்ததும் கதவு திறக்க மறுத்தால் இரண்டு நிமிடம் பொறுங்கள். பல மெஷின்களில் பூட்டு சூடு ஆறியபின்தான் விடுபடும். பலவந்தமாக இழுத்து கைப்பிடியை உடைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

மெக்கானிக்கை அழைக்கும்போதும் கம்ப்யூட்டர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி, முதலில் வரும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். போலி எண்களைப் போட்டு வைத்து ஏமாற்றும் கும்பல்கள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2022ல் வெளியிட்ட எச்சரிக்கைக் கையேட்டிலேயே இந்த மோசடி பற்றி இருக்கிறது. எண்ணை மேனுவலிலிருந்தோ கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்தோ எடுங்கள். "பத்து ரூபாய் கட்டிப் பதிவு செய்யுங்கள், இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று ஒருவர் சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். சர்வீஸில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் தனித் தளமே தொடங்கியது.

குறியீட்டு அட்டவணை உள்ள அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு மெஷினுக்கு மேல் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பிரிண்ட் கட்டளை கொடுக்கும்போது பக்க எண்ணைக் குறிப்பிட மறக்காதீர்கள். இல்லையென்றால் எழுபது பக்கமும் வந்து விழும். மாதம் ஒரு முறை பில்டர் கழுவுவது இப்போது என் வேலை. அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார். சென்ற வாரம் மாடி வீட்டுக்காரர் வந்தார். அவர் மெஷினில் தண்ணீரே ஏறவில்லையாம், யாரோ 5,000 கேட்கிறார்களாம். மாடல் எண்ணைக் குறித்துக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.