நெடும்பாதையும் அதன் கிளைவழிகளும்

ஐக்கிய அமெரிக்காவின் கிழக்கு மலைத்தொடரில், ஜோர்ஜியா மாநிலத்திலிருந்து வடக்கே மெயின் மாநிலம் வரை, 14 மாநிலங்களை ஊடறுத்து ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீளமான நடைபாதை ஒன்று செல்கிறது. இதனை அப்பலாச்சியன் பாதை என்பர். ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் இதன் ஏதோவொரு பகுதியில் நடக்கின்றனர். இப்பாதையை விட்டு இறங்கும் கிளைவழிகளை எப்படிக் கண்டுகொள்வது, இரவில் எங்கே தங்குவது என்பவற்றை இங்கே விளக்க முனைகிறோம். ஊரைவிட்டு எழும்பிய கமக்காரக் குடும்பங்களுக்கு அமெரிக்க மலைப்பாதை எதற்கு என்று வாசகர் கேட்கலாம். அக்கிளைவழிகள் பல எங்கே போய் முடிகின்றன என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

முதலில் குறிகள். பிரதான பாதையில் மரங்களிலும் பாறைகளிலும் இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட வெள்ளைப் பட்டைகள் தீட்டப்பட்டிருக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் தெரிந்தால், பாதை திரும்பப் போகிறது, கவனம் என்று பொருள். நீல நிறப் பட்டை கிளைவழிக்கு உரியது. அது நீரூற்றுக்கோ, தங்குகொட்டிலுக்கோ, மலைமுனைக்கோ கூட்டிச் செல்லும். ஆனால் எல்லா இடத்திலும் இந்த ஒழுங்கு இல்லை. வேர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசிய பூங்காவில் மஞ்சட் பட்டை குதிரைகளும் செல்லும் வழியைக் குறிக்கும். அங்கே சந்திகளில் சீமெந்துத் தூண்களை நட்டு, உலோகப் பட்டியில் இடப்பெயரையும் தூரத்தையும் பொறித்திருக்கிறார்கள். தெற்கே ஸ்மோக்கி மலைப் பூங்காவில் சந்திப் பலகைகளையும் வரைபடத்தையுமே நம்பவேண்டும். வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்ப்பது போதாது. பிரதான பாதை பெரும்பாலும் மலைமுகட்டில் ஓடுவதால் கிளைவழி கீழ்நோக்கிப் போகும். காலையில் இறங்கியதை மாலையில் ஏறியே தீரவேண்டும்.

தங்குவதற்குப் பாதை நெடுகிலும் 250க்கு மேற்பட்ட கொட்டில்கள் உண்டு. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, உள்ளே பலகைத் தளம், பெரும்பாலும் அவ்வளவுதான். கூடாரத் திடல்களும், பாதையோர ஊர்களில் வாடகை விடுதிகளும் இருக்கின்றன. ஸ்மோக்கி மலையில் முன்கூட்டியே கட்டணம் செலுத்தி அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும். குறித்த இடம் தவிர வேறெங்கும் தங்க முடியாது. கரடிகள் நடமாடுவதால் உணவுப் பையைக் கம்பியில் உயரத் தூக்கிக் கட்டவேண்டும்.

இப்பாதையை 1921இல் முன்மொழிந்தவர் பென்ரன் மக்காய் என்னும் வனவியலாளர். அவருடைய திட்டத்தில் பாதையும் கொட்டில்களும் மட்டுமல்ல, மக்கள் குடியிருக்கும் சிறு குடியேற்றங்களும், உணவு விளைவிக்கும் பண்ணை முகாம்களும் இருந்தன. 1937இல் பாதை பூர்த்தியானது. பண்ணை முகாம்கள் வரவேயில்லை. கமத்தை விட்டுவிட்டு நடையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்றே எமக்குத் தோன்றுகிறது.

அதற்கு மாறாக, அங்கே ஏற்கெனவே கமஞ்செய்தவர்கள் எழுப்பப்பட்டார்கள். ஷெனன்டோவா பூங்காவுக்காக வேர்ஜீனியா மாநிலம் 1928இல் தனிச் சட்டம் இயற்றிக் காணிகளைச் சுவீகரித்தது. 1935இல் பூங்கா உருவானது. நானூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள் மலையிலிருந்து இறங்கவேண்டியதாயிற்று. உறுதி வைத்திருந்தவர்களுக்கு நட்டஈடு கிடைத்தது. பிறர் காணியில் குத்தகைக்கும் வாரத்துக்கும் இருந்தவர்களுக்குக் காணிக்கென எதுவும் கிடைக்கவில்லை. இதற்கு மேல் எமது வாசகருக்கு விளக்கம் வேண்டியதில்லை. முதியவர்கள் சிலரைச் சாகும்வரை இருக்க விட்டனர். அவர்களுள் கடைசியானவர் 1979இல் காலமானார். வீடுகள் பெரும்பாலும் உடைக்கப்பட்டன, அல்லது எரிக்கப்பட்டன.

தப்பிய வீடுகளில் ஒன்று நிக்கல்சன் பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஜோர்ஜ் கோர்பின் என்ற கமக்காரர் 1910ஆம் ஆண்டளவில் மரக்குற்றிகளால் கட்டியது. 1938இல் அவர் வெளியேறினார். பின்னர் பொற்றோமாக் அப்பலாச்சியன் பாதைக் கழகம் அதனைத் திருத்தி, மலையேறுவோருக்கு வாடகைக்கு விடும் குடிலாக்கியது. மலைமுகட்டு வீதியிலிருந்து இரண்டரைக் கிலோமீற்றர் அளவில் இறங்கும் கிளைவழியில் அதனை அடையலாம். தங்குபவர் கூரையைப் பார்த்துப் படுக்கும்போது, அது யார் வேய்ந்த கூரை என்று அறிந்திருப்பது நல்லது. வீடு நின்றதால் நினைவும் நின்றது என்பதையும் சொல்லவேண்டும். அயலில் இருந்த மற்ற வீடுகளுக்கு அந்த வாய்ப்புமில்லை.

வீடே இல்லாத இடத்தில் வளவை எப்படிக் கண்டுகொள்வது? கமஞ்செய்தவர் கண்ணுக்கு அது தப்பாது. காட்டின் நடுவே தனித்து நிற்கும் கற்புகைபோக்கி, வயலிலிருந்து பொறுக்கி அடுக்கிய கல்வேலி, ஒழுங்காக நட்ட அப்பிள் மரங்கள். வசந்தகாலத்தில் டவடில் என்னும் மஞ்சட் பூக்கள் வரிசை பிசகாமற் பூத்திருந்தால், அந்த வரிசைதான் முற்றத்தின் ஓரம். கிழங்கிலிருந்து முளைக்கும் செடியாதலால், நட்டவர் போய்த் தொண்ணூறு வருடமானாலும் அது வருகிறது.

தெற்கே வட கரோலினாவில் பாதை பொன்ரானா அணைக்கட்டின் மேலாகவே செல்கிறது. 146 மீற்றர் உயரமான இவ்வணை, யுத்தகால மின்சாரத் தேவைக்காக 1942இல் தொடங்கி 1944இல் நீர் தேக்கப்பட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஊர்களுக்குச் சென்ற வீதி நீரில் மூழ்கியது. வடகரையில் மூழ்காத காணி ஏறத்தாழ 44,000 ஏக்கர் ஸ்மோக்கி மலைப் பூங்காவுடன் சேர்க்கப்பட்டது. யுத்தம் முடிந்ததும் புதிய வீதி போட்டுத் தருவதாக 1943 உடன்படிக்கையில் எழுதப்பட்டது. அதை நம்பியே பலர் தம் முன்னோரின் கல்லறைகளைப் பெயர்க்காமல் விட்டுச் சென்றனர். பதினொரு கிலோமீற்றர் அளவு வீதியும் ஒரு சுரங்கமும் அமைத்தபின், 1970களின் தொடக்கத்தில் வேலை நின்றது. "எங்கும் போகாத வீதி" என்று ஊரவர் அதற்குப் பெயரிட்டார்கள். 2010இல் மத்திய அரசு வீதிக்குப் பதிலாக அந்த மாவட்டத்திற்கு 5 கோடி 20 இலட்சம் டொலர் தர இணங்கியது. முழுத்தொகையும் வந்துசேர 2018 ஆயிற்று. பணம் மாவட்ட நிர்வாகத்திற்குரியது. கல்லறைக்குப் போகும் வழி அதனால் வரவில்லை.

அணைக்கருகே நடப்போருக்கு ஒரு கொட்டிலும், அணை கட்டிய தொழிலாளருக்காக அமைத்து இன்று விடுதியாகிவிட்ட பொன்ரானா கிராமமும் உண்டு. அணையைக் கடந்ததும் ஏரிக்கரை வழி பிரிகிறது. அதில் சில கிலோமீற்றருக்குள் துருப்பிடித்த பழைய மோட்டார் வண்டிகள் காட்டுக்குள் கிடக்கின்றன. யுத்தகாலத்தில் பெற்றோலும் ரயரும் பங்கீட்டில் இருந்தமையால் கொண்டுபோக முடியாமல் விட்டவை என்பர். மேலே முகட்டிலுள்ள ஸ்பென்ஸ் வெளி, ஒருகாலத்தில் கோடையில் மாடுகளை ஏற்றிவந்து மேய்த்த புற்றரை. அங்கே கொட்டில் இருக்கிறது. அங்கிருந்து ஜென்கின்ஸ் முகட்டு வழியாக ஹேசல் ஓடைக்கு இறங்க ஒரு பகல் செல்லும். ஓடையின் கீழ்ப்புறம் புறொக்ரர் என்ற ஊர் இருந்த இடம் இப்போது கூடாரத் திடல்.

நடக்க முடியாதவர்களுக்குப் படகே வழி. 1978இலிருந்து உறவினர் ஒன்றுசேர்ந்து, கோடைகாலத்து ஞாயிறுகளில் ஒவ்வொரு சேமக்காலையாக முறைவைத்துப் போகின்றனர். பூங்கா நிர்வாகம் அவர்களை ஏரியின் குறுக்கே படகில் ஏற்றிச்செல்கிறது. மண்வாரியும் பூவும் சாப்பாட்டுக் கூடையும் கொண்டு போய், கல்லறைகளைத் துப்புரவாக்கிப் பூவைத்து, பாடிச் செபித்து, அங்கேயே கூடியிருந்து சாப்பிட்டுவிட்டுப் பொழுதுசாயுமுன் படகேறுகிறார்கள்.