மவ்ஸிமும் மான்சூனும்

ஆங்கிலத்தில் அன்றாடம் புழங்கும் ‘மான்சூன்’ என்னும் சொல்லுக்கு மழை என்றே நம்மில் பெரும்பாலோர் பொருள் கொள்கிறோம். ‘மான்சூன் பொய்த்தது’ என்றால் மழை பொய்த்தது. நாடாளுமன்றத்தின் ‘மான்சூன்’ கூட்டத்தொடரை மழைக்காலக் கூட்டத்தொடர் என்கிறோம். மேற்குக் கடற்கரையில் காப்பிக்கொட்டையைக் கிடங்கில் பரப்பி ஈரக்காற்றில் ஊறவிட்டு விற்கும் சரக்குக்கு ‘மான்சூன்டு மலபார்’ என்று பெயர். அங்கு அச்சொல் வினையாகவே மாறிவிட்டது. அமெரிக்காவின் அரிசோனாவில் கோடையில் இடியுடன் பெய்யும் மழைக்கும் இதுவே பெயர். வானிலை நூலாரோ ஆண்டில் இருமுறை திசைமாறி வீசும் காற்றை இச்சொல்லால் குறிப்பர். சொல்லின் தாயகமாகிய அரபியில் அது மழையும் அன்று, காற்றும் அன்று.

‘மவ்ஸிம்’ என்பது வாவ், ஸீன், மீம் என்னும் மூவெழுத்து வேரிலிருந்து பிறந்தது. ‘வஸ்ம்’ என்றால் கால்நடையின் மேல் இடும் சூட்டுக்குறி. திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயத்தில் மூக்கின்மேல் அடையாளமிடுவது பற்றி வரும் எச்சரிக்கையும், 15ஆம் அத்தியாயத்தில் குறிப்புகளைக் கண்டு உணர்வோரைச் சுட்டும் ‘முதவஸ்ஸிமீன்’ என்னும் சொல்லும் இவ்வேரினவே. எனவே மவ்ஸிம் என்பது ஆண்டின்மேல் இடப்பட்ட குறி. மக்கள் கூடுவதற்கென அடையாளம் செய்து வைத்த காலம்.

உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் ஆகிய பழைய அரபுச் சந்தைகளைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) வழியாகப் புகாரியில் வரும் அறிவிப்பில், ஹஜ்ஜின் ‘மவாஸிம்’ எனப் பன்மையில் இச்சொல் ஆளப்படுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வெளியூர்க் குலத்தாரைச் சந்தித்து அழைப்பு விடுத்ததும், யஸ்ரிபு மக்கள் அகபாவில் உறுதிமொழி அளித்ததும் மவ்ஸிமில்தான். உருதுவில் ‘மௌசம்’ என்பது தட்பவெப்பத்தையும் குறிக்குமாதலால், உருது வழியாகச் சீறா நூல்களைத் தமிழாக்குவோர் இவ்விடங்களில் விழிப்புடன் இருத்தல் வேண்டும். அகபாவில் மக்களைக் கூட்டியது வானிலை அன்று; முன்னரே குறிக்கப்பட்ட நாள்கள்.

இதே சொல்லை அரபு மாலுமிகள் கடலுக்கும் வைத்துக்கொண்டனர். இன்ன துறையிலிருந்து இன்ன துறைக்குப் பாயெடுக்கத் தக்க நாள்கள் எவையோ அவையே அத்துறையின் மவ்ஸிம். தென்மேற்குக் காற்று உச்சமடையும் ஏறத்தாழ மூன்று மாதங்களில் இந்திய மேற்குக் கரையை எவரும் அணுகார். அதனை ‘கல்குல் பஹ்ர்’, அதாவது கடல் மூடுதல், என்றனர். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘கிதாபுல் ஃபவாயித்’ எழுதிய அஹ்மது இப்னு மாஜித், இம்மவ்ஸிம்களைத் துறைவாரியாக ஆராய்கிறார். அவருக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன், 1271ஆம் ஆண்டளவில், யமனின் ரசூலி மரபினரான அல்அஷ்ரஃப் உமர் இயற்றிய பஞ்சாங்கத்திலும் ஏடனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் புறப்படும் காலங்கள் உள்ளன.

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை ஒட்டியது. சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைந்தது. ஹஜ்ஜின் மவ்ஸிம் ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வரும். காற்றோ சூரியனைப் பின்பற்றுவது. ஆகவே மாலுமிகள் கடற்கணக்குக்கு ஹிஜ்ரி மாதங்களை விடுத்து, பாரசீகப் புத்தாண்டாகிய நைரூஸிலிருந்து நாள்களை எண்ணினர். மார்க்கக் கடமைக்குச் சந்திரக் கணக்கு, பாய்மரத்துக்குச் சூரியக் கணக்கு என இரண்டையும் அவர்கள் முரணின்றிக் கையாண்டது எண்ணத்தக்கது. ஆயினும் துன்பம் பயணிகளுக்கு நேர்ந்தது. நம் மேற்குக் கரையிலிருந்து பாய்க்கப்பலில் சென்றோர், ஹஜ் எந்த மாதத்தில் வந்தாலும் கடல் மூடுமுன் கரை நீங்கியாக வேண்டும். இல்லையேல் அது மீண்டும் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். இரு மவ்ஸிம்களும் ஒத்துவராத ஆண்டுகளில் ஒரு பயணத்துக்கு மாதக்கணக்கில் வீட்டைத் துறக்க நேர்ந்தது. நீராவிக் கப்பல் வந்த பின்னரே இவ்விடர் தீர்ந்தது.

மலாயில் ‘மூசிம்’, சுவாகிலியில் ‘ம்சிமு’, துருக்கியில் ‘மெவ்சிம்’ என இச்சொல் சென்ற இடமெல்லாம் பருவம் என்ற பொருளே நிலைத்தது. போர்த்துகீசியர் ‘மொன்சாவோ’ எனத் திரித்துக்கொண்டனர். அவர்களிடமிருந்து டச்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. அங்குதான் காலம் தேய்ந்து காற்றாகி, காற்றும் தேய்ந்து மழையாயிற்று. வேடிக்கை என்னவெனில், ஒமானின் ஸலாலா பகுதியில் அதே தென்மேற்குக் காற்று தூறலைக் கொணரும்போது, அங்குள்ள அரபியர் அதனை ‘கரீஃப்’, அதாவது இலையுதிர்காலம், என்கின்றனர். வளைகுடாவில் பணியாற்றியோர் இதனை அறிவர். இன்றைய அரபியில் மவ்ஸிம் அறுவடைக்கும் கால்பந்துப் போட்டிகளுக்கும் தொலைக்காட்சித் தொடரின் பகுதிகளுக்கும் பெயர்.

தமிழில் ‘பருவக்காற்று’ என்கிறோம். மான்சூனைவிடப் பருவம் மவ்ஸிமுக்கு அண்மையது. விதைப்புக்கும் பாகுக்கும் மனிதரின் வயதுக்கும் ‘தக்க நிலை’ என்பதையே அது குறிக்கிறது. நாஞ்சில் நாட்டு உழவர் மழையின் பெயரால் அன்றி, அறுவடை மாதத்தின் பெயரால் கன்னிப்பூ என்றும் கும்பப்பூ என்றும் இருபோகத்தையும் வழங்கியது மவ்ஸிமின் நெறிதான். முன்னது தென்மேற்கை நம்பியது; பின்னது வடகிழக்கை.

குளச்சலில் மவ்ஸிமின் பழம்பொருள் இன்றும் உயிருடன் இருக்கிறது. 1741 ஆகஸ்டு 10 அன்று மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை இங்கு வென்ற நாள், கடல் மூடும் காலத்துக்குள் அடங்குவது. திறந்த இக்கரையில் அந்நாள்களில் துணைக்கப்பல் வருவது எளிதன்று. ஆங்கிலத்துக்கு இச்சொல்லைக் கையளித்த மொழிக்காரரே அதன் பொருளைக் குளச்சலில் அனுபவித்தனர் எனலாம். இன்று கடலை மூடுவது அரசாணை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் துறைகளின் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் தடை. அதே மாவட்டத்தின் சின்னமுட்டத்துக்கோ கிழக்குக் கரைக் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன்வளம் பெருகுவதற்கான தடை எனினும், மேற்கில் அது விழுவது இப்னு மாஜித் கூறிய மூடிய கடலின்மேல்தான். குளச்சலில் கடல் மூடும் இக்காற்றே குற்றாலத்தில் ‘சீசனை’த் திறக்கிறது. விதைப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த அந்த ஆங்கிலச் சொல்லை நம் மக்கள் மவ்ஸிமின் பொருளிலேயே ஆள்கின்றனர்.

2017 நவம்பர் இறுதியில் குமரிக்கடலில் ஒக்கி புயல் உருவானபோது மேற்குக் கரையின் மூடுகாலம் கடந்து நெடுநாளாகியிருந்தது. மாலுமிகளின் பழைய கணக்குப்படி அது பாயெடுக்கும் காலம், திறந்த கடல். அதனாலேயே கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர் தொலைவில் இருந்தனர். பலர் திரும்பவில்லை.