கென்டக்கியும் பாராமகாலும்

மைசூரின் திப்பு சுல்தானுக்கும் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் இடையே நடந்த மூன்றாம் மைசூர்ப் போர், 1792 மார்ச் 18 அன்று உறுதியான ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையோடு முடிவுற்றது. திப்பு சுல்தான் தம் ஆட்சிப் பரப்பில் ஏறத்தாழப் பாதியை இழந்து, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர ஒப்புக்கொண்டு, தம் மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்பிவைத்தார். மலைக்கோட்டைகள் சூழ்ந்த பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் பெரும்பகுதியும் திருப்பத்தூர் வட்டாரமும் அடங்கிய நிலப்பகுதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. ஓசூரும் அதையொட்டிய மேட்டு நிலமும் மேலும் ஏழாண்டுகள் மைசூரிடமே இருந்து, 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு கம்பெனியைச் சேர்ந்தன. அதே 1792-ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று, கென்டக்கி ஐக்கிய அமெரிக்க நாடுகளின் 15-ஆவது மாநிலமாக ஏற்கப்பட்டது. இரண்டுமே ஓர் அரசு பிறர் வாழ்ந்த நிலத்தைத் தன்னதாக்கிக்கொண்ட நிகழ்வுகள். இரண்டிலுமே அங்கு நிலத்தோடு வாழப்போகும் மனிதனுக்கு விடுதலை வாக்களிக்கப்பட்டது. அந்த வாக்குறுதி எவ்வெவ்வாறு பிரிந்து நடந்தது என்பதை அறிய, இவ்விரு நிலங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும்.

இரு வரலாறுகளையும் ஒரே மனிதர் இணைக்கிறார். திப்புவை உடன்படிக்கைக்குப் பணியவைத்த தலைமை ஆளுநர் சார்லஸ் கார்ன்வாலிஸ், அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் வர்ஜீனியாவில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கியவர். 1781 கோடையில் அவர் ஏவிய குதிரைப்படை, அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சனை அவருடைய மலைமாளிகையிலேயே பிடிக்க முயன்று சற்றே தவறவிட்டது. ஜெபர்சனின் எல்க் ஹில் பண்ணையில் கார்ன்வாலிஸே தங்கியிருந்தபோது களஞ்சியங்கள் எரிந்தன, பயிர் பாழானது. அவ்வாண்டு அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் அவருடைய படை சரணடைந்ததும் அமெரிக்க விடுதலை உறுதியாயிற்று. ஒரு கண்டத்தில் தோற்ற அத்தளபதிக்கு லண்டன் வேறொரு கண்டத்தை ஒப்படைத்தது. இந்தியாவில் அவர் கொண்டுவந்த ஆட்சி ஒழுங்கு, உயர் பதவிகளிலிருந்து இந்தியர்களை விலக்கிவைத்தது.

அமெரிக்க விடுதலைப் போரின்போது கிருஷ்ணகிரி மலைக்கோட்டையை ஆண்டவரை அமெரிக்கக் குடியேறிகளும் அறிந்திருந்தார்கள் என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கலாம். பொதுப் பகைவனான பிரிட்டனை எதிர்த்து, திப்புவின் தந்தையான மைசூரின் ஹைதர் அலி நடத்திய போர் அவர்களுக்கு உற்சாகமூட்டியது. பென்சில்வேனியா தன் கடல் வணிகத்தைக் காக்க அமர்த்திய போர்க்கப்பல் ஒன்று 'ஹைதர் அலி' என்றே பெயர் தாங்கியது. 1782 ஏப்ரலில் ஜோஷுவா பார்னி செலுத்திய அக்கப்பல், டெலாவேர் வளைகுடாவில் தன்னைவிட வலிமை மிக்க 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் கப்பலைச் சிறைப்பிடித்தது. அந்த உறவுணர்ச்சி நீடிக்கவில்லை. பத்தாண்டுகளுக்குள் அமெரிக்கக் குடியரசே, பிறர் வாழ்ந்த நிலத்தின் மீது படை நடத்தும் அரசாகியிருந்தது.

1791 நவம்பரை எடுத்துக்கொள்வோம். அம்மாதத்தில் கம்பெனியின் கர்னல் மாக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரிப் பேட்டைக்குள் புகுந்தும், மேலிருந்து உருண்ட பாறைகளையும் குண்டுகளையும் தாங்கமாட்டாமல் மலைக்கோட்டையைப் பிடிக்காமலே திரும்பியது. அம்மாதம் 4-ஆம் நாள், ஓஹியோ ஆற்றுக்கு வடக்கே, லிட்டில் டர்ட்டில், புளூ ஜாக்கெட் ஆகியோர் தலைமையில் திரண்ட பூர்வகுடிகளின் கூட்டணி, ஜெனரல் செயின்ட் கிளேரின் அமெரிக்கப் படையைச் சிதறடித்து அறுநூறுக்கும் மேற்பட்ட வீரர்களை வீழ்த்தியது. இரு வெற்றிகளும் நிலைக்கவில்லை. கிருஷ்ணகிரி உடன்படிக்கையால் கைமாறியது. ஓஹியோ நிலத்தின் பெரும்பகுதியை, 1794-இல் தோற்ற பூர்வகுடிகள் 1795-இன் கிரீன்வில் உடன்படிக்கையில் விட்டுக்கொடுத்தனர்.

அமெரிக்கர் தம் விரிவாக்கத்தை விடுதலையின் பெயரால் நியாயப்படுத்தினர். சுதந்திரத்தின் பேரரசு என்னும் கருத்தை ஜெபர்சன் 1780-லேயே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்: சொந்த நிலத்தை உழுது, யாருக்கும் கைகட்டி நிற்காத சிறு விவசாயியே குடியரசின் அடித்தளம், அத்தகைய விவசாயிகள் பெருக நிலம் பெருக வேண்டும் என்பது அதன் உட்பொருள். 1785-ஆம் ஆண்டுச் சட்டம் மேற்கு நிலத்தை ஆறு மைல் பக்கமுள்ள சதுரங்களாக அளந்து, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 கூறுகளாக்கி, 16-ஆவது கூறைப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கியது. 1787-இன் வடமேற்கு நிலச் சட்டம் அங்கு அடிமை முறையைத் தடைசெய்ததோடு, 60,000 சுதந்திர மக்கள் சேர்ந்த பகுதி, பழைய மாநிலங்களுக்குச் சமமான மாநிலமாகலாம் என்றும் வகுத்தது. பேரரசுகளின் வரலாற்றில் இது உண்மையிலேயே புதுமை. புதிதாகச் சேரும் நிலம் என்றென்றும் கீழ்ப்பட்ட நிலமாக இராது என்று ஓர் அரசு முன்கூட்டியே எழுதிக்கொடுத்த ஆவணம் அது. பூர்வகுடிகளின் நிலம் அவர்தம் இசைவின்றி எடுக்கப்படாது என்றும் அதே சட்டம் கூறியது. அந்த உறுதிமொழியே முதலில் மீறப்பட்டது.

ஓஹியோவுக்குத் தெற்கே இருந்த கென்டக்கிக்கு அந்த அடிமைத் தடை பொருந்தவில்லை. அதன் 1792 அரசியல் சட்டம், சொத்துத் தகுதி கேட்காமல் சுதந்திர ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. அதே சட்டம், உடையவரின் சம்மதமின்றி அடிமைகளை விடுவிக்கச் சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும் எழுதிவைத்தது. 1790 கணக்கெடுப்பின்படி அங்கிருந்த சுமார் 73,000 பேரில் 12,000-க்கும் மேற்பட்டோர் அடிமைகள். ஆக, உழவனின் விடுதலை என்பது அங்கே ஒருவன் நிலத்தைப் பறித்தும் இன்னொருவன் உழைப்பைப் பறித்தும் கட்டப்பட்டது.

பாராமகாலில் நடந்தது வேறு. காப்டன் அலெக்சாண்டர் ரீட் என்னும் படை அதிகாரி 1792-இல் கலெக்டராக அமர்த்தப்பட்டார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ, கிரஹாம், மக்லியாட் ஆகியோரும் படையினரே. இடைத்தரகர்களை விலக்கி, ஒவ்வொரு நிலத்தையும் அளந்து தரம் பிரித்துத் தீர்வை விதித்து, அதை உழும் குடியானவரோடு அரசே நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்வாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. ஆண்டுதோறும் குடியானவர் தாம் விரும்பிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம் என்று ரீட் 1796-இல் அறிவித்தார். தாளில் படிக்கும்போது அது ஜெபர்சனின் சிறு விவசாயியை நினைவூட்டும் விடுதலை. ஆனால் கம்பெனியின் மேலிடம் அதில் நிலையாக நிற்கவில்லை. 1802-க்குப் பின் நிலங்களை மிட்டாக்கள் என்னும் சிறு ஜமீன்களாக்கி ஏலம் விட்டு, மிட்டாதாரர் பலர் நொடித்துப்போன பிறகே, மன்றோ சென்னை ஆளுநரான 1820-ஐ ஒட்டி ரயத்வாரி மீண்டும் வேரூன்றியது.

அளவைக் கருவியிலும் இரு நிலங்களுக்கும் உறவுண்டு. எட்மண்ட் கன்டர் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1620-இல் வகுத்த 66 அடிச் சங்கிலி 100 கண்ணிகள் கொண்டது; 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஓஹியோ காடுகளில் இழுக்கப்பட்ட அதே அளவே பின்னாளில் சென்னை மாகாண நில அளவைத் துறையிலும் நிலைத்தது. பழைய புலப்படங்களில் வயல்களின் பக்க அளவுகள் லிங்க்ஸ் கணக்கில் எழுதப்பட்டிருப்பது அதனால்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரியில் நிலம் விலைபேசப்படும் செண்ட் என்பது 1,000 சதுரக் கண்ணி. எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்தில் வழங்கும் குண்டா, சங்கிலியில் பாதியான 33 அடியைப் பக்கமாகக் கொண்ட சதுரம்.

ஒரே அளவுகோல் இருந்தும் நோக்கங்கள் நேரெதிரானவை. அமெரிக்க அரசுக்கு வேண்டியது மனிதரற்ற நிலம். ஆகவே அங்கிருந்தவர்கள் தடையானார்கள், 1830-ஆம் ஆண்டு அகற்றல் சட்டத்தின் வழியே செரோக்கி முதலிய இனத்தார் மிஸ்ஸிஸிப்பிக்கு அப்பால் துரத்தப்பட்டு, வழியிலேயே ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். கம்பெனிக்கு வேண்டியது வருவாய். நிலத்தை உழ ஆளில்லாவிட்டால் வருவாயில்லை. ஆகவே பாராமகாலின் குடிகள் விரட்டப்படவில்லை, கணக்கில் ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடுதலை உழுவதற்கும் கிஸ்தி கட்டுவதற்குமான விடுதலை. தீர்வையின் அளவைத் தீர்மானிக்கும் அவையில் அவர்களுக்கு இடமில்லை. எத்தனை ஆயிரம் பேர் சேர்ந்தாலும் மாநிலமாகும் வழியும் எழுதப்படவில்லை. உரிமையற்ற அந்த விடுதலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை, 1855-இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை காட்டுகிறது: நிலுவை வைத்தவரின் விரல்களை மரச் சட்டங்களுக்கிடையே நெரிக்கும் கிட்டி, தலையைக் கால்வரை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அனுந்தாள் ஆகியவை வரி வசூலுக்கு வழக்கமாகப் பயன்பட்டதை அரசின் குழுவே ஒப்புக்கொண்டது.

அந்த ரயத்வாரி அமைப்பின் அடித்தட்டில், கிராமத்தில் வரி வசூலிக்கும் முன்சீப்பாக இருந்தவரின் மகனாக, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் சி. ராஜகோபாலாச்சாரி. கார்ன்வாலிஸ் ஒருகாலத்தில் வகித்த தலைமை ஆளுநர் பதவியில் கடைசியாக அமர்ந்தவர் அவரே. 1959-இல் காங்கிரசின் நாகபுரி மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றபோது, சொந்த நிலத்தில் உழுபவனின் சுதந்திரத்தைக் காக்கவென்றே அவர் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். ஜெபர்சனின் கனவுக்கு மிக நெருங்கிய குரல் அது. நிலமே இல்லாத உழவுத் தொழிலாளியைப் பற்றி அக்குரல் போதிய அளவு பேசவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

விரிவாக்கம் இன்று இப்பகுதியில் தொழிற்பேட்டையின் வடிவில் வருகிறது. 1970-களில் ஓசூரில் தொடங்கிய சிப்காட் ஆயிரக்கணக்கானோருக்கு வேலையும், சாதிக் கட்டுக்குள் கிடந்த பலருக்குக் கிராமத்தைவிட்டு வெளியேறும் விடுதலையும் தந்தது; அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் தொழிலுக்காக நிலம் எடுக்கும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் எடுக்கப்படும் நிலத்துக்கு, 2013-இன் மத்தியச் சட்டம் கோரும் சமூகத் தாக்க மதிப்பீடு பொருந்தாது. உத்தனப்பள்ளி வட்டார விவசாயிகள் நிலம் எடுப்பை எதிர்த்துப் போராட்டத்தில் அமர்ந்தபோது கேட்டதும், தங்கள் வயலைப் பற்றிய முடிவில் தங்களுக்கும் ஒரு சொல் வேண்டும் என்பதையே. 1792-இல் கென்டக்கியின் வெள்ளைக் குடியேறிக்குக் கிடைத்தது, பாராமகாலின் குடியானவருக்கு மறுக்கப்பட்டது, அந்தச் சொல்தான்.

(தொடரும்)